ஹிஸ்டரி சேர் காட்டின புரொக்டர்

ஸ்கூல் மலருக்கு ஏதாவது எழுதுங்கண்ணேன்னு யூனியன் செக்ரட்டரி தம்பி மூணு தடவ கோல் எடுத்துட்டாரு. மெட்ச், ஹொஸ்டல் சாப்பாடு பத்தியெல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. நான் நம்ம ஹிஸ்டரி சேர பத்தியும் அவர் எங்களுக்கு காட்டிக்குடுத்த ஒரு மனுசன பத்தியும் எழுதுறேன், இத யாராவது எழுதி வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

1970ல, எனக்கு அப்ப 14 வயசு. பெல் அடிச்ச பிறகு சேர் எங்க ஏழெட்டு பேர கண்டி டவுனுக்கு நடத்தியே கூட்டிட்டு போனாரு. ஜோர்ஜ் ஈ. டி சில்வா பார்க்குல நிறுத்தி, தினம் இதால தானே பஸ்ஸுக்கு ஓடுறீங்க, இது யார் பேருன்னு தெரியுமாடான்னு கேட்டாரு. ஒருத்தனுக்கும் தெரியல. சேர் ஏசவே இல்ல, பெஞ்சுல உக்காந்து கதைய ஆரம்பிச்சாரு, எங்களுக்கு பஸ் போனதே தெரியாது.

ஜோர்ஜ் ஈ. டி சில்வா 1879ல பொறந்தவரு, தெற்குப் பக்கத்து ஆள். கண்டிக்கு வந்து புரொக்டராகி, அதாவது வக்கீலாகி, இங்கயே வேர் விட்டவரு. கண்டியில அந்தக் காலத்துல பெரிய வீட்டு ஆக்கள் சாதி பார்த்து, குடும்பம் பார்த்து தான் ஒருத்தன உள்ள விடுவாங்க, இவருக்கு அந்த ரெண்டுமே கை குடுக்கல. ஏழைங்க கோர்ட்டுக்கு வந்தா இவர்கிட்ட தான் வருவாங்க. சிங்கள ஆக்கள் 'அப்பே ஜோர்ஜ்'னு கூப்பிட்டாங்க, அப்பேன்னா எங்களோடன்னு அர்த்தம். நகரசபை, இலங்கை தேசிய காங்கிரஸ், 1931ல அரசாங்க சபை (அந்தக் காலப் பாராளுமன்றம்)னு ஒவ்வொரு படியா ஏறி, 1942ல சுகாதார மந்திரி ஆகி 1947 வரைக்கும் இருந்தாரு. அப்ப இருந்த டொனமூர் ஆட்சி முறையில மந்திரின்னா சுகாதார நிர்வாகக் குழுவோட தலைவர், மெம்பர்மாரோட உக்காந்து பேசி முடிவெடுக்கணும், தனியா கையெழுத்து போட்டு விட்டுட முடியாது. கோர்ட்டுல பேசிப் பழகின ஆளுக்கு அது நல்லா கை வந்திருக்கும்னு சேர் சொன்னாரு.

அவர் சம்சாரம் ஏக்னஸ் அம்மா பத்தி சொல்லும்போது தான் சேர் குரல் மாறுச்சு. பறங்கியர் குடும்பத்துப் பொம்பள. 1927 டிசம்பர்ல பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கி, இலங்கை ஆட்சி முறைய மாத்துறத பத்தி விசாரிக்க வெள்ளக்காரன் அனுப்பின டொனமூர் கமிஷன் முன்னாடி போய் பேசினாங்க. தோட்டத்துல வேலை செய்ற இந்தியத் தமிழ்ப் பொம்பளைங்களுக்கும் வோட் வேணுமான்னு அங்க கேட்டாங்களாம். நிச்சயமா, அவங்களும் பொம்பளைங்க தானே, எல்லாப் பொம்பளைக்கும் வேணும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. எங்கள்ல பாதிப் பேர் லயத்துப் பிள்ளைங்க, தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுப் பிள்ளைங்க. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன், அழுதுருவேன் போல இருந்துச்சு. (அவங்க மக மினெட் டி சில்வா பெரிய கட்டடக் கலைஞர், கண்டி வட்டாப்புளுவ வீட்டுத்திட்டம் அவங்க செஞ்சது தான்.)

அந்த லீவுக்கு தோட்டத்துக்குப் போனப்ப இதெல்லாம் என் பாட்டி அம்மாயிகிட்ட சொன்னேன். எங்களுது மாவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டம். அம்மாயிக்கு அந்தப் பேர் எதுவும் தெரியல, ஆனா வோட் போட்டது தெரியும். அப்ப தேர்தல்ல நிக்கிற ஆள் ஆளுக்கு ஒரு கலர் பெட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் கலரப் பார்த்து சீட்ட போட்டுட்டு வரலாம். நான் பச்சைப் பெட்டில போட்டேன்டா, கங்காணி வேற கலர் சொன்னான், நான் கேக்கலன்னு வெத்தலைய மென்னுக்கிட்டே சொல்லும். தோட்டத்துல எல்லாருக்கும் அந்த உரிமை கிடைக்கல, இத்தன வருசம் இருந்தோம்னு காட்டணும், அம்மாயிக்கு கிடைச்சுச்சு.

மலேரியா காய்ச்சல் கதையும் அம்மாயிகிட்ட இருந்துச்சு. 1934ல மழ பொய்ச்சு மகா ஓயா குட்ட குட்டயா நின்னுச்சு, அந்தக் குட்டையில எல்லாம் கொசு. 1934-35ல நாடு முழுக்க கிட்டத்தட்ட 80,000 பேர் செத்தாங்க, அம்மாயிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது, தோட்டத்துக்கு வெளிய கிராமத்துல இருந்து ராவும் பகலும் கேட்ட அழுக, டிஸ்பென்சரியில குடுத்த கொயினா மருந்தோட கசப்பு, அத வாயில ஊத்தி மூக்கப் பிடிச்சு விழுங்க வைக்கிறது, காதுக்குள்ள ங்கொய்யினு சத்தம் கேக்குறது, இவ்வளவு தான். தன்னோட ரெண்டாவது பிள்ளைய அந்த வருசம் தான் பறிகொடுத்துச்சு, அத பத்தி ஒரே ஒரு தடவ தான் என்கிட்ட பேசியிருக்கு.

அப்புறம் யுத்தம் முடிஞ்ச கையோட கொசு கொல்ற டிடிடி மருந்து வந்துச்சு. ஜோர்ஜ் மந்திரியா இருந்த காலம் தான் அது. பம்பத் தூக்கிக்கிட்டு ஆளுங்க லயம் லயமா வந்து சுவத்துக்கு அடிச்சாங்களாம், பானை சட்டி எல்லாம் வெளிய எடுத்து வைக்கணும், காஞ்ச பிறகு சுவர் பூரா வெள்ள வெள்ளையா படிஞ்சு கிடக்கும், மூட்டப்பூச்சியும் சேந்து செத்துச்சுன்னு அம்மாயிக்கு சந்தோசம். அந்த வேலைய முன்னால நின்னு நடத்தினவங்கள்ல ராஜேந்திரம்னு நம்ம தமிழ் டொக்டரும் ஒருத்தர். 1946ல ஆயிரத்துக்கு 20.3ஆ இருந்த சாவு விகிதம் 1947ல 14.3 ஆச்சு, ஒரே வருசத்துல. இது டிடிடியால மட்டும் இல்ல, ஆஸ்பத்திரி கூடினது, சாப்பாட்டு நிலம சரியானது எல்லாம் சேந்ததுன்னு சேர் அடிச்சுச் சொல்லுவாரு, நானும் அதத்தான் நம்புறேன். ஆனா அந்த நாற்காலியில அப்ப உக்காந்திருந்தவர் பெரிய வீட்டு ஆள் கிடையாது, ஏழைக்கு வழக்குப் பேசின புரொக்டர். அது எனக்குப் பெருசு.

1947ல புது அரசாங்கத்துல கைத்தொழில், மீன்பிடி மந்திரி ஆனாரு. கொஞ்ச நாள்ல தேர்தல் வழக்குல கண்டி சீட் போயிடுச்சு, 1950ல ஆளும் போயிட்டாரு. அதுக்குள்ள 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதுக்கு அடுத்த வருசச் சட்டமும் வந்து எங்க சனத்துக்கிட்ட இருந்து வோட்ட பிடுங்கிட்டாங்க. அம்மாயி அதுக்கப்புறம் வோட் போடவே இல்ல.

1974ல அம்மாயிக்கு கண்ணு காட்ட கண்டி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்தேன். மருந்து போட்டு கண்ணு மங்கலா தான் தெரியும், கைய பிடிச்சு மெதுவா நடத்திட்டு வந்து அந்த பார்க்கு பெஞ்சுல உக்கார வச்சு, அம்மாயி நான் சொன்னேன்ல, அந்த மந்திரி, அவர் பேர் தான் இந்த எடத்துக்கு, அவர் சம்சாரம் தான் ஒனக்கும் வோட் வேணும்னு வெள்ளக்காரன்கிட்ட பேசினதுன்னு சொன்னேன். அம்மாயி முந்தானையால கண்ண ஒத்திக்கிட்டே கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா கேட்டுச்சு, அவரு என்ன கலர் பெட்டிடா?