நாராவின் மான்களும் கியோட்டோவின் பாடும் தரையும்

தனியாக ஊர் சுற்றுவதில் உள்ள பெரிய வசதி, ஒரே மானை அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தாலும் "கிளம்பலாமா" என்று கேட்க ஆளில்லை என்பதுதான். எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராக இருந்த நாராவில், மான்கள் தலைவணங்கி அரிசித் தவிட்டு பிஸ்கட் கேட்கின்றன. கொடுக்கத் தாமதித்தால் அந்த மரியாதையெல்லாம் மறைந்து, சட்டை நுனியைக் கவ்வத் தொடங்கிவிடுகின்றன.

அருகிலுள்ள தோடாய்ஜி கோயிலில், சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752ஆம் ஆண்டில் அவருக்குக் கண் திறப்புச் சடங்கை நடத்தியவர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற போதிசேனர் என்ற துறவி என்பதை அறிந்தபோது, காரணமே இல்லாமல் எனக்கும் சற்றுப் பெருமையாக இருந்தது. புத்தரின் மூக்குத் துளை அளவுடையது என்று சொல்லப்படும் துளையொன்று அங்குள்ள தூணில் இருக்கிறது. அதில் நுழைந்து வெளிவருவோருக்கு ஞானம் கிட்டும் என்பது நம்பிக்கை. சிறுவர்கள் எளிதில் நுழைந்தார்கள். நானோ என் இடுப்பளவைக் கருதி, கைதட்டி ஊக்குவிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கியோட்டோவில், 1950இல் எரிந்து 1955இல் மீண்டும் எழுப்பப்பட்ட பொற்கோயிலைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகவே காண முடிந்தது. நிஜோ கோட்டைதான் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. அதன் மரத்தரைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடிப்புகள் ஆணிகளோடு உரசுவதால், எவ்வளவு மெல்ல நடந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் பறவைக் கீச்சொலி எழுகிறது. நான் பூனை நடை நடந்து பார்த்தேன். தரை சற்றும் ஏமாறவில்லை, பின்னால் வந்த மூதாட்டி ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.