பயந்தவளுக்குக் கூட்டம், பாய்கிறவனுக்குத் தனி

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு தேடுகிறேன் என்றால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். தோப்புக்கு ஒரு கிணறு இருக்கிறது, நடுவே வாய்க்கால் ஓடுகிறது, இதில் காசு கொடுத்து வேறு பழக வேண்டுமா என்பார்கள். என் மாமனார் அதில் முதல் ஆள். "இடுப்புல கயிறு, முதுகுல சுரைப்புருடை. கட்டி உள்ள எறக்கி விட்டா நாலு நாள்ல தானா வந்துரும்" என்பது அவர் கணக்கு.

அவர் காலத்துக்கு அது சரி. அப்போது படிக்கட்டுக் கிணற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. மாமன், மச்சான் என்று நாலு பெரியவர்கள் உள்ளேயே நீந்திக்கொண்டிருப்பார்கள், பையன் திணறினால் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி விடுவார்கள். சித்தூர் தாலுகாவில் எங்கள் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதி. ஆளாளுக்கு போர்வெல் போட்டதில் திறந்த கிணறுகள் கோடையில் அடிப்பாறை தெரியக் கிடக்கின்றன. தண்ணீர் இருக்கிற மாதத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இல்லாத மாதத்தில் தண்ணீர் இல்லை.

எனக்குப் பயம் கிணற்றைவிட வாய்க்கால்மேல்தான். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசனத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் அளந்து விடுகிறார்கள். அது மூலத்தறை மதகில் பிரிந்து வாய்க்கால்களில் வருகிறது. காய்ந்து கிடக்கும்போது வாய்க்காலுக்குள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். திறந்துவிட்ட மறுநாள் அதே இடத்தில் பெரிய ஆளையே இழுக்கிற ஓட்டம் இருக்கும். சிமென்ட் பூசிய சரிவுக் கரையில் பாசி பிடித்திருக்கும், விழுந்தவர் ஏறக் கைக்கு ஒன்றும் அகப்படாது. பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் முறையாகப் பழகத் தயாராகிவிடுகிறார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. அந்தக் கணக்கில் நாங்கள் தாமதம்தான்.

எங்களுக்குப் பாலக்காடும் பொள்ளாச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். பாலக்காட்டுப் பக்கம் ஒரு குளத்தில் தனி வகுப்பு எடுக்கிற சார் கிடைத்தார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குளத்தில் பேட்ச் பேட்சாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தனி வகுப்பில் ஒரு நாளைக்குக் கேட்ட தொகை, பேட்சில் நாலைந்து நாளைக்கு வரும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பயந்த பிள்ளையைத் தனியாகப் போடு, துணிச்சலான பிள்ளையைக் கூட்டத்தில் போடு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பெரியவள் தலைக்கு ஊற்றும்போதுகூட முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறவள். சின்னவன் ஆற்றைக் கண்டால் செருப்போடு இறங்குகிறவன். பிப்ரவரியிலிருந்து வாரக் கடைசி விடுமுறைகளில் நான் பெரியவளைப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போனேன், வீட்டுக்காரர் சின்னவனைப் பொள்ளாச்சிக்கு.

பாலக்காட்டு சார் தங்கமான மனிதர். வகுப்பு முடியும்வரை தண்ணீரை விட்டு ஏற மாட்டார். இவள் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, "பேடிக்கண்டா மோளே, ஞான் பிடிச்சிட்டுண்டு" (பயப்படாதே மகளே, நான் பிடித்திருக்கிறேன்) என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இவள் பிரச்சினையே அங்கேதான் இருந்தது. வகுப்பு முழுக்க ஒருவர் கண் தன் மேலேயே இருக்கிறது, கரையில் அம்மா வேறு உட்கார்ந்து பார்க்கிறாள் என்றதும் உடம்பு விறைத்துவிடும். வீட்டில் எழுதும்போது யாராவது எட்டிப் பார்த்தாலே நோட்டைக் கையால் மறைக்கிற பெண். "இப்ப கைய எடுக்கப் போறீங்களா, இப்பவா?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தை நிமிர்த்துவாள். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும். இடுப்பு தாழ்ந்தால் கால் தரையைத் தேடும். முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை விடுகிற வரை மற்றது எதுவும் தொடங்காது என்று சார் என்னிடம் பொறுமையாக விளக்கினார். அந்த ஒன்றைத்தான் அவள் செய்யவில்லை. அவர் கை இருந்தால் மிதப்பாள், எடுத்தால் நிற்பாள். பாவம், அவரும் எத்தனை தடவைதான் சொல்வார்.

பொள்ளாச்சியில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை பேட்சில் பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர். அவரும் கையில் மூங்கில் கழியோடு கரையில் நடப்பார், தண்ணீருக்குள் இல்லை. பிள்ளைகள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராகப் பலகையைக் கொடுத்துக் கயிறு வரைக்கும் அனுப்புவார். முக்கால் மணி நேர வகுப்பைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம்கூடத் தேறாது. மிச்ச நேரம் வரிசையில் நிற்பது. அமைதியான பிள்ளை நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளை நிற்பானா? கம்பியைப் பிடித்தபடியே நகர்ந்து நகர்ந்து ஆழப் பக்கத்துக் கயிற்றுக்குப் போய்விடுவான். ஒரு தடவை கயிற்றுக்கு அந்தப்பக்கமே போய்விட்டான். முதலில் பார்த்தது பயிற்சியாளர் அல்ல, வீட்டுக்காரர். சட்டையோடு குதித்துத் தூக்கிவிட்டு வந்து அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்: "பயமில்லாதவனுக்குத்தான் கூடவே ஒரு ஆள் வேணும் போல."

சரி, மாற்றிப் போடுவோம் என்று முடிவு செய்தோம். அதற்குள் மார்ச் முடிந்துவிட்டது.

எல்லையில் குடியிருப்பதில் ஒரு லாபம் அப்போதுதான் தெரிந்தது. கேரளப் பள்ளிகளுக்கு மார்ச் கடைசியோடு படிப்பு முடிந்து ஏப்ரல், மே இரண்டு மாதமும் விடுமுறை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் பாதி தாண்டியும் பரீட்சை ஓடும். ஆகவே ஏப்ரல் முதல் இரண்டு வாரம் பொள்ளாச்சிக் குளத்தில் வார நாள் காலை பேட்ச் கிட்டத்தட்டக் காலி. ஞாயிற்றுக்கிழமை மூங்கில் கழியோடு நடந்த அதே மனிதர், நாலைந்து பிள்ளைகள்தான் என்றதும் கழியை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். பேட்ச் கட்டணத்தில் பாதித் தனி வகுப்பு மாதிரி. தமிழ்நாட்டில் பள்ளி விட்ட வாரம் அதே பேட்சில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

பெரியவளை அங்கே சேர்த்தோம். நான் வேண்டுமென்றே கண்ணில் படாத இடத்தில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மாமனாரும் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார். பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீருக்குள் வாயை வைத்துக் குமிழி விடுவதைப் பார்த்துவிட்டு, "கொப்பளிக்கச் சொல்லிக் குடுக்கவா இத்தன காசு?" என்று என் காதில் முணுமுணுத்தார். பிறகு பயிற்சியாளர் கலர் கலரான பிளாஸ்டிக் வளையங்களை இவர்கள் நிற்கிற ஆழத்திலேயே தரையில் போட்டார். யார் எது வேண்டுமோ எடுக்கலாம். ஆனைமலையிலிருந்து வந்த ஒரு வாண்டு, இவள் தோளுக்குக்கூட வராத பெண், தலைகீழாக உள்ளே போய் மஞ்சள் வளையத்தோடு வந்து, மூக்கில் தண்ணீர் ஒழுகச் சிரித்தாள். எங்கள் பெண் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இவளைப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு பையனுக்குக் கால் திருத்திக்கொண்டிருந்தார். முதலில் கால் விரலால் பச்சை வளையத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலில் மாட்டித் தூக்கப் பார்த்தாள், நழுவிவிட்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி நழுவியது. அப்புறம் சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி, எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, அடுத்த வளையம் எங்கே என்று தேடினாள். மாமனார் எழுந்து நின்று, "அம்மிணி, அப்படித்தான்!" என்று கூவிவிட்டார். நான் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

அதன்பிறகு மூக்கைப் பிடிக்காமல் முழுகுவது, சுவரை உதைத்து அம்பு மாதிரி நீட்டிப் போவது, பலகை பிடித்துக் காலடிப்பது எல்லாம் அடுத்தடுத்து வந்தன. தன் முறை வருகிற வரை மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அவளுக்குப் பாடமாகத்தான் இருந்தது. தனி வகுப்பில் பார்த்துப் பழக இன்னொரு பிள்ளை இல்லையே. தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுப்பதுதான் கடைசிவரை இழுத்தது. அதற்கு மட்டும் பிறகு பாலக்காட்டு சாரிடம் கொஞ்ச நாள் தனியாகப் போனாள். பயம் போனபின் அந்தத் தனிக் கவனம் அவளுக்கு நன்றாகவே உதவியது. கழுத்து எவ்வளவு திரும்புகிறது, எந்தக் கை நீளும்போது மூச்சு என்பதையெல்லாம் கூட்டத்தில் யாரும் உட்கார்ந்து திருத்தப் போவதில்லை.

சின்னவன் அதே சாரிடம் போனான். முதல் நாளே அவன் ஓடி வந்து குதித்தான். சார் திட்டவில்லை, தூக்கிக் கரையில் உட்கார வைத்து ஒரு பேரம் பேசினார். குதிக்கலாம், ஆனால் குதித்ததும் திரும்பிச் சுவரைப் பிடிக்க வேண்டும், பிடித்தால்தான் அடுத்த குதி. அதன் அருமை எனக்குப் பிறகுதான் உறைத்தது. தவறி விழுந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது நேராக நீந்திப் போவதல்ல, திரும்பிக் கரையைப் பிடிப்பது. அடுத்து மல்லாந்து அசையாமல் மிதக்கச் சொன்னார். அங்கேதான் ஐயாவின் வீரம் தீர்ந்தது. பத்து எண்ணும்வரை சும்மா கிடக்க அவனால் முடியவில்லை. மூன்றில் புரளுவான், நாலில் சிரிப்பான், தண்ணீர் குடிப்பான். கூட்டத்தில் இதற்கெல்லாம் ஒருவர் பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

தனி வகுப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது. உதடு நீலம் பாரிக்கும், பல் கிட்டும். முக்கால் மணி நேரப் பணம் கட்டி, கடைசிப் பதினைந்து நிமிடம் பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அரை மணி நேரமாகக் குறைக்கச் சொன்னோம். பிறகு என் தம்பி மகனையும் சேர்த்து இருவருக்கு ஒரு சார் என்று பேசினோம். கட்டணம் பாதியானது, ஒருவன் நடுங்கும்போது இன்னொருவன் நீந்தினான். இப்படிக் கேட்டால் பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், அவர்களாக மட்டும் சொல்வதில்லை.

இந்தச் சாரிடம் பிள்ளைகளுக்கு ஒட்டுதல் வர இன்னொரு காரணம், அவர் சொல்லும் சஜன் பிரகாஷ் கதை. இடுக்கியில் பிறந்த மலையாளிப் பையன், அம்மாவுக்கு நெய்வேலியில் வேலை என்பதால் நெய்வேலியில் நீந்தி வளர்ந்தவர். 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்பிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியான 'ஏ' நேரத்தைத் தொட்ட முதல் இந்தியர். இந்தப்பக்கம் பிறந்து அந்தப்பக்கம் பழகியவர் என்பதில் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பெருமை.

குளம் பார்க்கப் போகும்போது நான் கவனிக்கிற சிலது. ஆழப் பக்கத்துத் தரையில் இருக்கிற வடிகால் மூடி கரையிலிருந்தே தெளிவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் கலங்கி அது தெரியவில்லையென்றால் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. மருந்து வாடை கண்ணை எரித்தால் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போதுதான் அந்த நெடி கிளம்புகிறது. குளிக்காமல் இறங்க விடுகிறார்களா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஆழம் குறைந்த பக்கம் எத்தனை அடி என்று கேளுங்கள். நாலடி என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஆழம்தான். கையில் மாட்டுகிற காற்றுப் பையை வைத்தே வகுப்பை ஓட்டுகிற இடம் வேண்டாம், அது பிள்ளையைச் செங்குத்தாக நிறுத்திப் பழக்கிவிடும். பெண் பிள்ளை என்றால் பெண்களுக்கான நேரம் உண்டா, அந்த நேரத்தில் பெண் பயிற்சியாளர் இருப்பாரா என்பதைச் சேரும்முன்பே கேட்டுவிடுவது நல்லது. பொள்ளாச்சிக் குளத்தில் நேரம் இருந்தது, ஆள் இல்லை. பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்கிற இடத்துக்கு நான் போக மாட்டேன். தூணுக்குப் பின்னாலாவது ஒரு நாற்காலி வேண்டும்.

இப்போது பெரியவள் குளத்தின் நீளத்தை நிற்காமல் கடக்கிறாள். சின்னவன் பாதி தூரம் முன்னால் பாய்ந்து, மீதியை மல்லாந்து வருகிறான். மாமனாருக்குத் திருப்திதான், ஆனாலும் இரண்டு பேரையும் ஒருநாள் கிணற்றில் இறக்கிப் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறார். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறட்டும், அவரும் வீட்டுக்காரரும் உள்ளே நிற்கட்டும், இடுப்பில் கயிறும் இருக்கட்டும் என்று சம்மதித்திருக்கிறேன். வாய்க்கால் மட்டும் நீச்சல் தெரிந்தாலும் கிடையாது. வரும் ஏப்ரலில் நாத்தனார் தன் ஏழு வயது மகளைச் சேர்க்க வேண்டுமாம், தனியா கூட்டமா என்று போனில் கேட்டாள். பிள்ளையை ஒருநாள் குளத்துக்கு அழைத்துப் போய், நீ பார்க்கும்போது எப்படி இருக்கிறாள், பார்க்காதபோது எப்படி இருக்கிறாள் என்று கவனித்துவிட்டுச் சொல் என்றேன்.