பத்தியில் இருப்பது பாதி விடை: பிளஸ் டூ புவியியலில் மூலப்பகுதிக் கேள்விகள்

சிபிஎஸ்இ பிளஸ் டூ புவியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அண்மை ஆண்டுகளின் மாதிரி வினாத்தாள்களில் 18, 19 ஆகிய இரண்டும் மூலப்பகுதிக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். ஒரு பத்தியோ அட்டவணையோ வரைபடமோ கொடுத்து, அதன்கீழே மூன்று சிறு கேள்விகள் கேட்பார்கள். "விடைதான் மேலேயே இருக்கிறதே" என்று மாணவர்கள் இதை இலவச மதிப்பெண்ணாக நினைக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே ஒன்றிரண்டு மதிப்பெண் விடுவதற்கு அந்த நினைப்புதான் காரணம். பத்தியில் பெரும்பாலும் பாதி விடைதான் இருக்கும். மீதிப் பாதியைப் பாடம் படித்தவர் தன் அறிவிலிருந்து கொண்டுவர வேண்டும். எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவதே இந்தக் கேள்வியின் சோதனை.

இந்திரா காந்தி கால்வாய்ப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். தேர்வில் பத்தி ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும். விளக்குவதற்காக இங்கே ஒன்றைத் தமிழில் அமைத்திருக்கிறேன்:

"பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாய், பாகிஸ்தான் எல்லைக்கு இணையாக, சராசரியாக 40 கி.மீ. தள்ளி, தார் பாலைவனத்தில் ஓடுகிறது. கால்வாய் அமைப்பின் திட்டமிட்ட மொத்த நீளம் 9,060 கி.மீ. சாகுபடிக்கேற்ற ஆயக்கட்டு 19.63 லட்சம் ஹெக்டேர். இதில் முதல் கட்டத்துக்கு உரியது 5.53 லட்சம். ஆயக்கட்டில் சுமார் 70 சதவீதம் தானே பாயும் தண்ணீராலும், மீதி இறவையாலும் பாசனம் பெறும் என்பது திட்டம். பாசனம் வந்த பிறகு கொண்டைக்கடலை, கம்பு, சோளம் விளைந்த நிலங்களில் கோதுமை, பருத்தி, நெல், நிலக்கடலை இடம்பிடித்தன. மிகையான பாசனத்தால் நீர் தேங்கி, மண் உவர்ப்பாகும் சிக்கலும் எழுந்தது."

முதலில் கேள்விகளைப் படியுங்கள், பிறகு பத்தியை. படிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் கோடு போட்டு, அது எதன் அளவு, எந்த அலகு, நடந்ததா திட்டமிட்டதா என்ற மூன்றையும் பாருங்கள். எண்ணை மட்டும் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 9,060 நல்ல உதாரணம். "இந்தக் கால்வாய் 9,060 கி.மீ. நீளமானது" என்று எழுதுகிறார்கள். இந்தியாவின் வடக்கு-தெற்கு நீளமே 3,214 கி.மீ. தான். அப்படியிருக்க ராஜஸ்தானுக்குள் ஒரே கால்வாய் எப்படி 9,060 கி.மீ. ஓடும்? அது கிளைகளையும் பகிர்மான வாய்க்கால்களையும் சேர்த்த கணக்கு. அதுவும் திட்டமிட்ட கணக்கு. பத்தியில் "அமைப்பின்", "திட்டமிட்ட" என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன, அவசரத்தில் கண் அவற்றைத் தாண்டிவிடுகிறது. புவியியல் படித்தவருக்கு ஒரு எண்ணைப் பார்த்ததும் "இது நிலத்தில் சாத்தியமா?" என்று தோன்ற வேண்டும். தேர்வுக்கு அப்பாலும் உதவும் பழக்கம் இது.

இனி கேள்விகள்.

முதலாவது: ஆயக்கட்டில் இரண்டாம் கட்டத்தின் பங்கு எவ்வளவு? விடை பத்திக்குள் இருக்கிறது, ஆனால் நேராக எழுதப்படவில்லை. 19.63-இல் 5.53 கழித்தால் 14.10 லட்சம் ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 72 சதவீதம். இங்கே விழும் தவறு, பத்தியில் கண்ணில் படும் "70 சதவீதம்" என்பதை அப்படியே எடுத்து எழுதுவது. அந்த 70 பாசன முறையைப் பற்றியது, கட்டத்தைப் பற்றியது அல்ல. 70-உம் 72-உம் நெருங்கிய எண்களாக இருப்பதால் எழுதியவருக்குச் சந்தேகமே வராது. கழித்தலை ஒரு வரியில் காட்டுங்கள். எங்கிருந்து எண் வந்தது என்று திருத்துபவருக்குத் தெரியும், பிழையிருந்தால் உங்கள் கண்ணிலும் படும்.

இரண்டாவது: இறவைப் பாசனம் ஏன் தேவைப்பட்டது? பத்தியை எத்தனை முறை புரட்டினாலும் காரணம் கிடைக்காது. "மீதி இறவையாலும்" என்ற தகவல் மட்டுமே உண்டு. பலர் "70 சதவீதம் தானே பாய்கிறது, மீதிக்கு இறவை தேவை" என்று பத்தியையே திருப்பிச் சொல்கிறார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. பாடத்திலிருந்து வர வேண்டியது நிலம் சரியும் திசை: தலைமைக் கால்வாயின் இடது கரையில் நிலம் எதிர்ச்சரிவாக உயர்கிறது, ஆகவே தண்ணீரை ஏற்றித்தான் விட வேண்டும். இறவைக் கால்வாய்கள் எல்லாம் இடது கரையில் பிரிவதும், வலது கரையில் பிரிபவை எல்லாம் தானே பாய்வதும் அதனால்தான்.

மூன்றாவது, என் கணக்கில் மிக நல்ல கேள்வி: பயிர்முறை மாற்றம் மண்ணை உவர்ப்பாக்கியது எப்படி? காரணச் சங்கிலியின் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் பத்தி கொடுத்துவிட்டது. நடுவில் உள்ளதைத்தான் கேட்கிறார்கள். கம்பும் கொண்டைக்கடலையும் குறைந்த தண்ணீரில் விளைபவை. நெல்லும் கோதுமையும் பருத்தியும் வந்ததும் பாசனம் கூடியது. செடி எடுத்தது போக மிஞ்சிய தண்ணீரும் வாய்க்கால் கசிவும் கீழே இறங்க, நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. மட்டம் மேற்பரப்பை நெருங்கியதும் தண்ணீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. பாலைவன வெயிலில் அது ஆவியாக, கரைந்திருந்த உப்பு மேல்மண்ணில் தங்கிவிடுகிறது. "அதிகத் தண்ணீர் விட்டதால் உப்பானது" என்று மட்டும் எழுதுபவர் ஆவியாதலை விட்டுவிடுகிறார். தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டுதானே போகும், எப்படி உப்பாகும் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இத்தனை வாக்கியங்கள் வேண்டாம். "மிகைப் பாசனம், நீர்மட்ட உயர்வு, ஆவியாதல், மேலே உப்புப் படிவு" என்ற தொடர்ச்சி ஒரே வாக்கியத்தில் அறுபடாமல் வந்தால் போதும்.

இதே பாடம் 5 மதிப்பெண்ணுக்கு வந்து "தீர்வுகளைக் கூறு" என்றால், வாய்க்கால்களுக்குக் கரை பூசுதல், நிலத்தைச் சமன்செய்தல், அதிகத் தண்ணீர் கேட்கும் பயிரைத் தவிர்த்து எலுமிச்சை இனத் தோட்டப் பயிருக்கு மாறுதல், வாராபந்தி ஆகியவற்றைச் சொல்லலாம். வாராபந்தி என்பது நம் ஊர் முறைப்பாசனம் போல, ஒரு மடையின்கீழ் உள்ள வயல்களுக்குச் சமமாக, முறைவைத்துத் தண்ணீர் விடுவது. ஒவ்வொரு தீர்வும் மேலே சொன்ன தொடர்ச்சியில் எந்தக் கண்ணியை அறுக்கிறது என்று அரை வரி சேர்த்தால், மனப்பாடம் செய்த பட்டியல் காரணமுள்ள விடையாகிவிடும்.

பத்தி எந்தக் காலத்தது என்றும் பாருங்கள். 1958-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முதலில் ராஜஸ்தான் கால்வாய் என்றுதான் பெயர். 1980-களின் நடுவில்தான் மாறியது. பழைய பெயரோடு ஒரு பகுதி வந்தால் அது பெரும்பாலும் நோக்கங்களைப் பேசும். அதை வைத்து விளைவுகளை எழுதக் கூடாது. "பெறும்", "பெற்றது" என்ற வினைமுற்றுகளின் வேறுபாட்டையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மக்கள்தொகைப் பத்திகளில் இன்னொரு வகைப் பிழை. 1991-2001-இல் 21.5 சதவீதமாக இருந்த பத்தாண்டு வளர்ச்சி வீதம் 2001-2011-இல் 17.7 ஆகக் குறைந்தது என்று பத்தி சொல்லும். "மக்கள்தொகை குறைந்தது" என்று எழுதிவிடுவார்கள். குறைந்தது வேகம். அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை சுமார் 18 கோடி கூடியிருக்கிறது. வீதமா, எண்ணிக்கையா, அடர்த்தியா என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

நேரக் கணக்கு: 180 நிமிடத்துக்கு 70 மதிப்பெண் என்றால், 3 மதிப்பெண் கேள்விக்கு ஏழெட்டு நிமிடம். கேள்விகளையும் பத்தியையும் வாசிக்க அதில் மூன்று நிமிடம் கொடுக்கலாம். தொடக்கத்தில் கிடைக்கும் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. விடைகளை 18.1, 18.2, 18.3 என்று தனித்தனியாக எண்ணிட்டு எழுதுங்கள். மூன்றையும் ஒரே பத்தியாகக் கலந்து எழுதினால், சரியான விடையும் எந்தக் கேள்விக்குரியது என்று தெரியாமல் போகலாம். பத்தியின் முழு வாக்கியத்தையும் விடைத்தாளில் பெயர்த்து எழுத வேண்டாம். தேவையான எண்ணையோ சொல்லையோ மட்டும் அலகோடு எடுத்து, உங்கள் வாக்கியத்துக்குள் வையுங்கள்.