அடுத்த அழைப்பு வரும்வரை

அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் 3 வருடம் வேலை பார்த்தேன். ஒரு வங்கியின் தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் வேலை. ஒரு அழைப்பு முடிந்தால் 10 விநாடி கிடைக்கும். அதற்குள் பேசியதைக் குறித்துவிட வேண்டும். காதில் 'பீப்' என்றதும் அடுத்தவர் தானாக வந்துவிடுவார், நாம் எடுக்கவே வேண்டியதில்லை.

"ஏசியில உட்கார்ந்து பேசுற வேலைதானே" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். 9 மணி நேர ஷிப்டில் ஒரு மணி நேர இடைவேளை, அதையும் 30, 15, 15 நிமிடங்களாக நறுக்கித்தான் தருவார்கள். பாத்ரூம் போகும் நேரமும் அதில்தான் கழியும். பிரேக் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட பெண்கள் எங்கள் வரிசையில் நிறைய. நீர்க்கடுப்பு எங்களுக்குள் தலைவலி மாதிரி சாதாரணப் பேச்சு. நானே 2 முறை மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்.

இதெல்லாம் கூடப் பழகிவிடும். 2016 நவம்பர் எனக்குப் பழகவில்லை.

8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு காத்திருப்போர் எண்ணிக்கை திரையில் சிவப்பாகவே இருந்தது. விதிகள் மாற மாற எங்களுக்கு மெயில் வரும், பேசிக்கொண்டே அதைப் படிப்போம். கல்யாண வீட்டுக்காரர்கள் 2.5 லட்சம் வரை எடுக்கலாம் என்றார்கள். அப்புறம் நிபந்தனைகள் வந்தன. பத்திரிகை வேண்டும், முன்பணம் கொடுத்த ரசீது வேண்டும். 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக யாருக்குத் தருகிறோமோ, அவருக்கு வங்கிக் கணக்கு இல்லை என்று அவரிடமே எழுதி வாங்க வேண்டும்.

23ஆம் தேதி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். "ஏம்மா, சமையல்காரர்ட்ட போயி, கணக்கே இல்லைன்னு எழுதித் தாங்கன்னு எப்படிம்மா கேப்பேன்? அவருக்குக் கணக்கு இருக்கே!" என்றார். திரையில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவதைத் தவிர எனக்கு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் உடைந்து அழுதார். நான் மியூட் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "உன்னச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது" என்று வைத்துவிட்டார். 11 நிமிடம் ஆகியிருந்தது. எங்களுக்கு விதித்தது 3.

பீப். "எவ்வளவு நேரம்யா காத்துக்கிட்டு இருக்கிறது, தூங்குறீங்களா?" என்று அடுத்தவர் கத்தினார். எப்போதும் சொல்லும் அதே குரலில் வணக்கம் சொன்னேன்.

திட்டு வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. சொந்தப் பணத்தை எடுக்க முடியாதவர் கத்தத்தான் செய்வார். ஆனால் அப்படி ஒரு அழைப்புக்குப் பிறகு 2 நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி வைத்து மூச்சுவிட ஒரு ஏற்பாடு இருந்திருக்கலாம். மீட்டிங்கில் கேட்டேன். வரிசை இன்னும் நீளும் என்றார்கள். அப்படியானால் ஆட்களைக் கூட்டியிருக்க வேண்டும். அந்த மாதம் என் மதிப்பெண்தான் குறைந்தது.

நாங்களாக யாரையும் திரும்ப அழைக்கக் கூடாது. அந்த அப்பாவுக்குப் பணம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். முகூர்த்த நேரம் முழுக்க அடுத்தடுத்து அழைப்பு.