ஆறேகால் அடிப் பையனும் 1931 ஃபோர்டும்

இந்த வண்டியை வாங்கியபோது பையனுக்குப் பதினான்கு வயது. என் தோள் உயரம்தான் இருந்தான். இப்போது பத்தொன்பது வயது, ஆறேகால் அடி, ஷூ அளவு அமெரிக்கக் கணக்கில் 13. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த உயரம் கிடையாது. நான் ஐந்தடி ஐந்து இஞ்ச். மனைவி வழியில் ஒரு சித்தப்பா நெட்டையாம்; இப்போதைக்குப் பழியை அவர் மேல் போட்டிருக்கிறோம்.

போன நவம்பரில் ஒருநாள் சாவியை அவன் கையில் கொடுத்தேன். கதவைத் திறந்து, குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டான். மறு காலை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று புரியாமல் கொக்கு மாதிரி நின்றான். எப்படியோ உள்ளே போனான். வலது முழங்கால் ஸ்டியரிங் வளையத்துக்கும் கியர் கம்பிக்கும் நடுவில். இடது முழங்கால் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி மேல். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கூரையில். "அப்பா, நான் உள்ள இருக்கேன், ஆனா ஓட்ட முடியாது" என்றான்.

வண்டி 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப். இரண்டு பேர் உட்காரலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 103.5 இஞ்ச்தான். ஆனால் ஃபோர்டு விற்ற நிலையில் இது அப்படியொன்றும் நெருக்கடியான வண்டி இல்லை. கூரை உயரம் தாராளம். தொப்பியைக் கழற்றாமலே உட்காரலாம். ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி, ஆக்கும்போதுதான் இடம் போகிறது. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் இந்த மாதிரிப் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1937இல் அந்தப் பந்தயங்களுக்கென்று எஸ்.சி.டி.ஏ. என்ற சங்கமே வந்தது. காற்று தடுக்கக் கூடாதென்று கூரைத் தூண்களை அறுத்துத் தாழ்த்தும் பழக்கமும் அப்படி வளர்ந்ததுதான். முழங்காலைப் பற்றி யாருக்கு என்ன கவலை? சில நிமிடம் நேர்கோட்டில் பறந்துவிட்டு இறங்கப் போகிறவன்.

எனக்கு முன் வைத்திருந்தவரும் கூரையில் 3 இஞ்ச் அறுத்திருந்தார். பழைய 40 குதிரைசக்தி நாலு சிலிண்டர் என்ஜின் போய், ஷெவர்லே 350 வி8 என்ஜினும் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வந்திருந்தன. இந்த ஷெவர்லே என்ஜினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம், பின்பக்கம் இருக்கிறது. அதற்கு இடம் விட ஃபயர்வாலை, அதாவது என்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் தகட்டை, முழு அகலத்துக்கும் 3 இஞ்ச் உள்ளே தள்ளியிருந்தார். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. என் கால் அதுவரை போனால்தானே.

முதலில் நான் செய்தது தப்பான வேலை. தலை இடிக்கிறது, ஆகவே சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்று முடிவு கட்டினேன். சின்ன வண்டிகளுக்கென்றே செய்தது என்று விளம்பரப்படுத்திய ஒரு சீட்டை வரவழைத்தேன். சொன்ன அளவைவிட 2 இஞ்ச் உயரம் கூடுதலாக வந்து சேர்ந்தது, திருப்பி அனுப்பினேன். அப்புறம் பழைய சீட்டையே பிரித்து ஸ்பிரிங்கையெல்லாம் எடுத்துவிட்டு, ஒட்டுப்பலகை மேல் 2 இஞ்ச் கெட்டி ஃபோம் வைத்துப் பார்த்தேன். நாலு இஞ்சுக்கு மேல் இறங்கியது. தலை நிமிர்ந்தது. ஆனால் முழங்கால் முன்பைவிட மோசம். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் காது மாதிரி எழும்பி நின்றன.

கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது. பாதம் வைக்கும் இடம் மாறாதவரை, இடுப்பு இறங்கினால் முழங்கால் ஏறத்தான் செய்யும். மணைப்பலகையில் உட்காருகிற மாதிரிதான். மணையில் உட்கார்ந்தால் ஒன்று சம்மணம் போட வேண்டும், இல்லை காலை நீட்ட வேண்டும். காரில் சம்மணம் போட முடியாது. ஆக, பையனுக்கு வேண்டியது உயரம் இல்லை, நீளம். தலைக்கான இடத்தையே தரையில்தான் தேட வேண்டியிருந்தது.

மறு வாரம் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெறும் தரையில் பலகை, செங்கல், பழைய மெத்தைத் துண்டு எல்லாம் அடுக்கி அவனை உட்காரவைத்தேன். முதுகு சாயும் கோணத்துக்கு ஒட்டுப்பலகை. பெடலுக்கு அட்டைப்பெட்டி. ஸ்டியரிங்குக்குப் பதில் கையில் ஒரு தாம்பாளம். அதை எந்த இடத்தில் பிடித்தால் தோள் இறுகாமல் இருக்கிறதோ அங்கே நூல் கட்டி அடையாளம் வைத்தேன். இந்த ஒரு சனிக்கிழமையில் தெரிந்துகொண்டதை மூன்று வாரம் அறுத்து ஒட்டியிருந்தாலும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். கணக்கு இப்படி வந்தது: பாதம் 3 இஞ்ச் முன்னே போக வேண்டும், முதுகு மூன்றரை இஞ்ச் பின்னே போக வேண்டும், இடுப்பு பழைய சீட்டிலிருந்து ஆறரை இஞ்ச் இறங்க வேண்டும்.

பின்பக்கம் சுலபம். பின்கண்ணாடிக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டும், அதைத் தாங்கும் குறுக்குத் தகடும் இருக்கின்றன. அதை வெட்டிப் பின்னால் தள்ளி, உடம்பு விறைப்பு போகாமல் இருக்கச் சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்கே வெல்டிங் செய்தேன். டிக்கியில் இடம் குறைந்தது. அங்கே என்ன, ஒரு ஜாக்கியும் கயிறும்தானே.

தரைக்கு, சேசிஸ் சட்டத்துக்கும் நடுவில் ஓடும் ஷாஃப்டுக்கும் இடையில் இருந்த தகட்டை வெட்டி, இரண்டரை இஞ்ச் ஆழத்தில் ஒரு தொட்டி மாதிரி செய்து பொருத்தினேன். மாடல் ஏ சட்டம் ஏறக்குறைய 4 இஞ்ச் உயரம், அதனால் தொட்டியின் அடி சட்டத்துக்குக் கீழே தொங்கவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் தட்டாது.

முன்பக்கம்தான் சுவாரசியம். ஃபயர்வாலை அளந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது: குழிவு தேவைப்படுவது நடுவில், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் ஓரடி அகலத்துக்கு மட்டும்தான். மேலும் இந்த ஷெவர்லே வி8இல் இடது வரிசைச் சிலிண்டர்கள் வலது வரிசையைவிட ஓர் இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக முன்தள்ளி இருக்கும். ஓட்டுநர் பக்கம் சும்மா கிடந்த இடம் அது. இடது பாதித் தகட்டை வெட்டி எடுத்து, பழையபடி தட்டையாக முன்னே நகர்த்தினேன். மூன்று இஞ்ச் முழுதாகக் கிடைத்தது. முன்னாள் சொந்தக்காரர் ஒரே தகடாக வளைத்தால் வேலை சுலபம் என்று அப்படிச் செய்திருப்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அப்புறம் அந்தப் பெட்ரோல் டாங்க். மாடல் ஏ வண்டியில் டாங்க் பின்னால் இல்லை, டாஷ்போர்டுக்கு முன்னால், நம் கால் மேலேயே இருக்கிறது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக கார்புரேட்டருக்கு இறங்கும். மீட்டர்கள் பதித்திருக்கும் பலகையே டாங்கின் முதுகில்தான். டாங்கின் மேல் பாகம்தான் வெளியே தெரியும் பாடி. அந்தக் காலத்துச் சிக்கனம் அப்படி. என் வண்டியில் புது டாங்க் பின்னால் வைத்தாயிற்று, ஆனால் பழையது காலியாக அங்கேயே கிடந்தது. பையன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் கணைக்கால் எலும்பு அதன் அடியில் உரசியது. ஐந்து வருடமாக வெறும் காற்றைச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறேன்.

மேல் பாகத்தை விட்டுவிட்டு அடிப்பாகத்தை மட்டும் வெட்டுவது ஹாட் ராட் கட்டுகிறவர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான். நான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற வெல்டர், தெருவைத் தாண்டி ஓடிவந்தார். வயது எழுபதுக்கு மேல், அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். எத்தனை வருடம் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், ஒரு பொறி போதும் என்றார். பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. எரிய வேண்டிய காற்றும் உள்ளேயே இருக்கிறதே. சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசினோம். கழுத்து வரை தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டோம். மறுநாள் வடித்ததும் கிரைண்டரைத் தொடாமல், தகடு வெட்டும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினோம். அரை நாள் ஆயிற்று. உள்ளே துருவும், காய்ந்த தார் மாதிரி ஒரு படிவும். அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. என் கையால் காபி டம்ளரை வாங்க வீட்டில் யாரும் தயாராக இல்லை.

டாங்க்தான் இரண்டு கதவுத் தூண்களையும் இறுக்கிப் பிடித்திருந்தது. அது போனதால், தூணுக்குத் தூண் ஓர் இஞ்ச் சதுரக் குழாய் போட்டோம். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் பிடியையும் அதிலேயே மாட்டினேன், முன்பைவிட ஓர் இஞ்ச் மேலே. வளையம் ஏறினால் அறுத்த கூரையின் கீழ் சாலை மறையும், அதனால் 15 இஞ்ச் வளையத்தை எடுத்துவிட்டு 14 போட்டேன். பதின்மூன்றும் வைத்துப் பார்த்தோம். என் வண்டியில் இருப்பது ஷெவர்லே வேகா காரின் ஸ்டியரிங் பெட்டி, பவர் ஸ்டியரிங் இல்லை. நின்ற இடத்தில் திருப்ப மாவாட்டுகிற பலம் வேண்டும். வேண்டாமென்று விட்டோம்.

இனி என் முட்டாள்தனம். பாதம் முன்னே போனதால் பிரேக் பெடலும் முன்னே போக வேண்டும். கம்பியின் நீளத்தை மாற்றினால் அழுத்தும் விகிதம் மாறிவிடும். காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு ஆறுக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு, என் வண்டியிலும் அதுதான். அதனால் நீளத்தைத் தொடாமல் கோணத்தை மட்டும் மாற்றினோம். அந்த வெல்டிங்கைப் பெரியவர்தான் செய்தார். பிரேக் கம்பியில் நான் கை வைக்க மாட்டேன். அதுவரை சரி. ஆனால் பெடல் ஆக்சிலரேட்டரைவிட மூன்று இஞ்ச் உயரத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் காலுக்கு அது பழகிப்போன உயரம்.

பையன் வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்தான். வாசல் சரிவில் பிரேக் போடப் பாதத்தைத் தூக்கினான். ஷூவின் விளிம்பு ஸ்டியரிங் தண்டின் அடியில் மாட்டிக்கொண்டது. பாதம் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வண்டி மெதுவாக உருண்டு மூன்று குப்பைத் தொட்டிகளைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. "காலை எடுடா!" என்று கத்தினேன். "எடுக்கத்தான்ப்பா பாக்குறேன்!" என்று அவனும் கத்தினான்.

மறுநாளே பிரேக் பெடலை ஆக்சிலரேட்டரைவிட அரை இஞ்ச் மட்டும் உயரமாக இருக்கும்படி இறக்கி, அகலத்தைக் குறைத்தோம். ஆக்சிலரேட்டரை வலப்பக்கம் நகர்த்தி கியர்பாக்ஸ் மேட்டோடு ஒட்டவைத்தோம். 13ஆம் அளவு ஷூவை நடுவில் வைத்து எந்தப் பக்கமும் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போல்ட்டை இறுக்கினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கூரையில் முக்கால் இஞ்ச் கிடைத்தது. மாடல் ஏ கூரையின் நடுப்பாகம் இரும்பு இல்லை. மரச் சட்டங்கள், அதன் மேல் பஞ்சும் துணியும். ஓட்டுநர் தலைக்கு நேரே உள்ள இரண்டு சட்டங்களை அடியில் குடைந்து, உள்துணியை மெல்லியதாக மாற்றினேன். கண்ணாடிக் கைப்பிடிக்குக் குட்டையான ஒன்று. சீட் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மெனக்கெட்டேன்: சீட் பின்னே போனதால் இடுப்புப் பட்டையின் பழைய பிடி இப்போது தொடைப் பக்கமாக வந்துவிட்டது. அப்படியே விட்டால் மோதலில் பட்டை வயிற்றுக்கு ஏறாவிட்டாலும் ஆள் முன்னே சறுக்குவான். பிடியைப் பின்னே கொண்டுபோய், பட்டை தரையோடு ஐம்பது டிகிரி வாக்கில் நிற்கும்படி சேசிஸோடு சேர்த்து மாட்டினேன்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து நைல்ஸ் கேன்யன் வழியாக சுனோல் வரை போய் வந்தோம். 1915இல் சாப்ளின் படம் எடுத்த நைல்ஸ்தான். வளைந்து வளைந்து போகும் சாலை, இரண்டு பக்கமும் மலை. பையன் ஓட்டினான். ஒரு தடவைகூட முழங்கால் வளையத்தில் படவில்லை. சுனோலில் இறங்கி இடுப்பை நெளிக்காமல் நடந்தான். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குறை தெரிந்தது. சிக்னலில் முதல் ஆளாக நின்றால் விளக்கு தெரியவில்லை. கண் பின்னே போய்விட்டது, கூரையோ தாழ்வு. இதற்கு ஐம்பதுகளில் டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் பட்டகக் கண்ணாடி விற்றார்கள், மேலே எரியும் விளக்கை அதற்குள் காட்டும். ஒன்று வாங்கி ஒட்டிவிட்டேன். அடுத்தது சூடு. புதுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகிறது. திரும்பி வரும்போது பையன் நாலைந்து தடவை நெளிந்து உட்கார்ந்தான். குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வேலை அதுதான்.

அப்புறம் ஒன்று. இப்போது எனக்குப் பெடல் எட்டவில்லை. மனைவி ஒரு பழைய தலையணையை இரண்டாக மடித்து, மேலே ரெக்ஸின் வைத்துத் தைத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு பட்டியும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பையன் ஓட்டும் நாளில் அதை டிக்கியில் போட வேண்டும். டிக்கியில்தான் இடம் இல்லை.