ரேம் மொத்தம் சரி, ஸ்லாட்தான் தப்பு

இரண்டு சாக்கெட் (பிராசஸர் பொருத்தும் இடம்) உள்ள சர்வர் வாங்கினால் பில்லில் இருக்கும் ரேம் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்களுடையது இன்டெலின் ஸ்கைலேக் ஜியான் பிராசஸர். 32 ஜிபி ஸ்டிக் எட்டு, ஆக 256. மொத்தத்தில் குறையில்லை. ஆனால் தேடல் சர்வீஸை ஏற்றினால், பழைய ஒற்றை சாக்கெட் மெஷினைவிடப் பெரிய வேகம் எதுவும் இல்லை. விற்றவர்களின் சப்போர்ட்டில், "சாஃப்ட்வேரைப் பாருங்க சார்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

எந்த சாக்கெட்டுக்கு எவ்வளவு ரேம் என்று காட்டும் நியூமா-சிடிஎல் கட்டளையை ஹார்ட்வேர் ஆப்ஷனோடு ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டது: நோடு 0-இல் (முதல் சாக்கெட்டும் அதன் ரேமும்) 192 ஜிபி, நோடு 1-இல் 64. ஆறு ஸ்டிக் ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம்! இந்த சிப்பில் சாக்கெட்டுக்கு ஆறு மெமரி சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதை. இரண்டாவது சாக்கெட்டில் நான்கு சேனல் காலி. அங்கே ஓடும் த்ரெட்கள் (புரோகிராமின் தனித்தனி வேலை இழைகள்) பாதி நேரம், இரு சாக்கெட்டையும் சேர்க்கும் யூபிஐ என்ற இணைப்பைத் தாண்டி அடுத்த சாக்கெட்டின் ரேமுக்கு ஓடின. பக்கத்து ரேம் 80, 90 நானோசெகண்டில் பதில் தரும். தாண்டிப் போனால் 130-க்கு மேல். இதைச் சொன்னாலும் சப்போர்ட்டிலிருந்து "மொத்தம் சரியாத்தானே இருக்கு?" என்றே திரும்பத் திரும்பப் பதில். மதர்போர்டு கையேட்டின் ஸ்லாட் படத்தை அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார். பெட்டியைத் திறக்காமலே டிஎம்ஐ-டீகோட் கட்டளை எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று காட்டிவிடும். அந்த வெளியீட்டை முதல் மெயிலிலேயே இணையுங்கள். அதே ரக ஸ்டிக் நான்கு கூட வாங்கி, ஆறுக்கு ஆறு போட்டாயிற்று.

அதற்குப் பிறகும் நோடு 0 மட்டும் நிரம்பி வழிந்தது. லினக்ஸில் ஒரு பேஜை (மெமரியின் சிறு துண்டு) எந்த கோர் முதலில் தொடுகிறதோ, அதன் சாக்கெட்டில்தான் இடம் ஒதுக்கப்படும். தேடல் இன்டெக்ஸை ஏற்றும் லோடரோ ஒற்றை த்ரெட், அதனால் எல்லாம் ஒரே பக்கம் போய் விழுந்தது. நியூமாஸ்டாட் கட்டளையில் பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் இது பளிச்சென்று தெரியும். பேஜ்களை இரு பக்கமும் மாறி மாறிப் பங்கிடும் இன்டர்லீவ் ஆல் ஆப்ஷனை நியூமா-சிடிஎல்லில் போட்டுத் தொடங்கியதும் சீரானது. குறிப்பிட்ட நோடின் ரேமோடு மட்டும் கட்டிப்போடும் மெம்பைண்ட் ஆப்ஷன் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள்: அந்த நோடு நிறைந்தால், மறுபக்கம் எவ்வளவு காலியாக இருந்தாலும் கர்னல் ஸ்வாப்புக்கு (ரேமில் உள்ளதை டிஸ்க்குக்குத் தள்ளுவது) போகும், அல்லது பிராசஸையே கொன்றுவிடும்.

மிச்சமிருந்த இழுவைக்குக் காரணம் கேஷ், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் சிறிய, வேகமான மெமரி. பெர்ஃப் சி2சி கருவி காட்டிய வில்லன், எங்கள் புரோகிராமில் பக்கத்துப் பக்கத்தில் வைத்த கவுண்டர்கள். எல்லாம் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கேஷ் ஒரே மூட்டையாக நகர்த்தும் அளவு). இரு சாக்கெட்டும் மாறி மாறி எழுத, அந்த லைன் இணைப்பில் அங்குமிங்கும் பறந்துகொண்டே இருந்தது. பெரிய கேஷான எல்3 சாக்கெட்டுக்குச் சாக்கெட் தனி என்பதால் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. கவுண்டருக்குக் கவுண்டர் 128 பைட் இடைவெளி விடுங்கள்; 64 போதாது, தரவை முன்கூட்டியே எடுத்துவரும் பிரீஃபெட்சர் பக்கத்து லைனையும் சேர்த்தே இழுக்கும்.