மாடியில் பூத்த சேனை

சித்திரை வெயில் கொஞ்சம் தணிந்த ஒரு சாயங்காலம், மாடிப்படி ஏறும்போதே செத்த எலி நாற்றம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செங்கல் அடுக்குக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டு, கடைசியில் ஈ மொய்க்கும் இடத்தைப் பார்த்தால் என் சேனைக்கிழங்கு வாளி!

காம்பு தெரியாமல் மண்ணோடு ஒட்டி, கருஞ்சிவப்பில் சுருக்கம் சுருக்கமாக ஒரு மடல். அதன் நடுவில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை. விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. பூ தானாகவே சூடாகி அந்த வாடையைப் பரப்புகிறது, அழுகிய இறைச்சி என்று நம்பி வண்டும் ஈயும் தேடி வருகின்றன. அதனால் நாற்றம் தாங்காமல் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், எனக்கு மறுநாளே பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சந்தையில் சமைக்க வாங்கிய கிழங்கில், முளையோடு இருந்த அரைக் கிலோ துண்டைத்தான் வைத்தேன். 20 லிட்டர் பெயின்ட் வாளி, அடியில் ஓட்டைகள், செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மக்கிய சாணமும். வாளியை முழுக்க நிரப்பாமல் பாதியில் நிறுத்துங்கள். பழைய கிழங்கு வற்றிப்போய் அதன் மேலேதான் புதுக்கிழங்கு திரளும், வளர வளர மேலே மண் போட இடம் வேண்டும். மரம் மாதிரி நிற்கும் அந்தப் புள்ளி போட்ட தண்டும் விரிந்த குடையும் சேர்த்து ஒரே ஒரு இலைதான் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு வாளியில் இருந்ததை நானே கெடுத்தேன். மார்கழியில் இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் வாடுகிறது என்று நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், தோண்டினால் கிழங்கு கூழாகியிருந்தது. அது வாட்டமே இல்லை, தூக்கம். இலை சாய்ந்துவிட்டால் தண்ணீரை அடியோடு நிறுத்தி, மழை படாத இடத்துக்கு வாளியை நகர்த்திவிட வேண்டும். அப்புறம், கிழங்கைத் தொட்டால் கை அரிக்கும், உள்ளே ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் படிகங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடுவதும், புளித்தண்ணீரில் வேகவைப்பதும் அதற்காகத்தான்.

பூத்த கிழங்கைத் தோண்டி வறுவல் போடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பூ வாடி, வைகாசி பாதியில் அதே இடத்தில் பச்சை முளை எட்டிப்பார்த்தது. இப்போது என் இடுப்பளவு நிற்கிறது.